கடைசி ஸ்லைடு

“இது எதுக்கு?” என்றான் கணவன்.

சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தான். அவன் விரல் திரையில் ஒரு வரியின்மேல் நின்றது. கடைசி ஸ்லைடு அது. வெள்ளைப் பின்னணியில், ஓரமாக, கூச்சப்பட்டுக்கொண்டு எழுதினாற்போல் சின்ன எழுத்தில், வீடு வீடாகப் போய் விசாரித்தவர் என்று போட்டு அவள் பெயர் இருந்தது.

“எல்லாருக்கும் தெரியட்டுமேன்னுதான்,” என்றாள் அவள்.

“என்ன தெரியணும்? என் பொண்டாட்டி வீட்ல உட்கார்ந்து எனக்கு வேலை செஞ்சு குடுக்கறான்னா? ஆபீஸே கைகொட்டிச் சிரிக்கும்.”

“வீட்ல உட்கார்ந்து இல்லீங்க. வெயில்ல அலைஞ்சு.”

“சரி, அலைஞ்சு. அதுக்கு இப்ப பட்டமா குடுக்கணும்?” விசையைத் தட்டினான். அவள் பெயர் போயிற்று. அந்த இடத்தில் ஒரு ரோஜாப் பூப் படத்தைப் போட்டு, ‘நன்றி’ என்ற சொல்லை எழுத்து எழுத்தாகக் குட்டிக்கரணம் அடித்து வந்து நிற்கும்படி செய்தான். இத்தனை காலத்தில் அவன் சொந்தமாகச் செய்த ஸ்லைடு அது ஒன்றுதான். அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு.

அவள் தட்டுகளை எடுத்து அடுக்கினாள். வாயைத் திறந்தால் சண்டை, திறக்காவிட்டால் எரிச்சல். திறக்காமல் இருந்து அவளுக்குப் பழக்கம்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும். அவளும் அவனும் ஒரே கம்பெனியில், வாஷிங் மெஷின் செய்கிற கம்பெனியில், புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவர்கள். அவள்தான் முதலில் சேர்ந்தவள். வேலையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவளே. பழகினார்கள், பிடித்திருந்தது, கல்யாணம் செய்துகொண்டார்கள். தேனிலவு முடிந்து வந்த அன்றே பர்சனல் ஆபீசர் இருவரையும் கூப்பிட்டு, சிரித்த முகத்தோடு விதியைச் சொன்னார். கணவனும் மனைவியும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கக் கூடாது, ஒருவர் விலக வேண்டும்.

யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை, உடன் வேலை பார்த்தவர்கள் அவளுக்கு வழியனுப்புப் பரிசாக ஒரு சுவர்க் கடிகாரத்தையே வாங்கிவிட்டார்கள். அவளாவது கேட்டாளா? மழைத் தூறல் விழுந்ததும் காயும் துணியை எடுக்க ஓடுவாளே, அப்படி ஓடிப்போய் ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கொடுத்தாள். கேட்கலாம் என்பதே ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள், அதுதான் கொடுமை.

“கொஞ்ச நாள் வீட்ல இரு. வேற நல்ல இடமாப் பார்த்துக்கலாம்,” என்றான் அவன். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

முதலில் ஒரு ஸ்லைடில் எழுத்து கோணலாக இருக்கிறது, சரி செய்து கொடு என்று வந்தான். பிறகு ஒரு கூட்டத்துக்கான எல்லாவற்றையும் கேட்டான். பிறகு எல்லாக் கூட்டத்துக்கும் எல்லாமே அவள்தான். அவன் போய் நின்று, சுவரில் விழுந்ததை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நல்ல கணீர்க் குரலில் படித்துவிட்டு வருவான். அலுவலகத்தில் அவனுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். ஒரு தடவை அவள் நினைவுக்காக ஓரத்தில், ‘இங்கே கொஞ்சம் நிறுத்தி எல்லாரையும் பாருங்கள்’ என்று எழுதி, அழிக்க மறந்துவிட்டாள். அவன் அதையும் சேர்த்துப் படித்தான். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவளைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினான்.

இப்போது கம்பெனிக்குப் புது டைரக்டர் வந்திருக்கிறார். வந்த முதல் கூட்டத்திலேயே ஒருவர் ஸ்லைடைப் படிக்க ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினாராம். “சுவத்துல இருக்கறது எனக்கும் தெரியுதுங்க, எனக்கும் படிக்க வரும். நீங்க உட்காருங்க, நானே படிச்சுக்கறேன்,” என்றாராம். புகார்ப் பிரிவின் தலைமைப் பதவி காலியாக இருந்தது. அதற்கு ஆசைப்படுகிறவர்கள் நாளைக்கு அவர் முன்னால் பேச வேண்டும். மெஷின்கள் ஏன் இத்தனை திரும்பி வருகின்றன என்பதுதான் தலைப்பு.

“எழுத்தைக் குறைச்சுப் போடு, புது மாதிரியா செய்,” என்று அவனே சொல்லியிருந்தான். அவள் அப்படியே செய்தாள். மனசைக் கொட்டிச் செய்தாள். மெஷினைத் திருப்பிக் கொடுத்தவர்களின் வீடுகளுக்கு மத்தியான நேரங்களில் நடையாய் நடந்து விசாரித்ததையெல்லாம் வடிகட்டி, ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம் என்று வைத்தாள். நடுவில் ஒரு ஸ்லைடு முழுக்க ஒரே படம்: வயதான ஒருத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு, ஓடுகிற மெஷினுக்குள் வாளியால் தண்ணீர் ஊற்றுகிறாள். கீழே மூன்றே சொற்கள்: ‘எங்கள் தானியங்கி இயந்திரம்.’

ரோஜாப் பூவை ரசித்து முடித்துவிட்டு அவன் மற்ற ஸ்லைடுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். முகம் மெல்ல மாறியது.

“என்னடி இது, எல்லாம் காலியா இருக்கு?”

“காலி இல்லீங்க. படம் இருக்கு. மத்ததை நீங்க சொல்லணும்.”

“என்ன சொல்லணும்?”

“அதைத்தான் ஒரு வாரமா உங்ககிட்ட சொல்றேன். உட்காருங்கன்னா உட்கார மாட்டேங்கறீங்க.”

“நாளைக்குக் காலைல பேசணும், இப்ப வந்து மத்ததை நீங்க சொல்லணும்ங்கற! என்னைக் கவுக்கணும்னே செஞ்சியா?”

கூடத்திலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தாள். “ஏண்டா கத்தற? அவகிட்ட கேட்டு ஒருவாட்டி சொல்லிப் பாரேன். நான் உட்கார்ந்து கேக்கறேன்.”

ஒத்திகை நடந்தது. ஃபிரிட்ஜை ஒட்டி அவன் நின்றான். மாமியார் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து சபையானாள். வாளிப் படம் வந்ததும் அவன் வாய் அடைத்துக்கொண்டது. ‘எங்கள் தானியங்கி இயந்திரம்’ என்று படித்தான். மறுபடியும் படித்தான். அதற்குமேல் படிக்க ஒன்றும் இல்லை.

“மேல் மாடி வீடுகள்ல தண்ணி அழுத்தம் குறைச்சல்,” என்று அவள் எடுத்துக் கொடுத்தாள். “பாதியில மெஷின் நின்னு போய் சிவப்பு விளக்கு எரியுது. அது என்னன்னு அவங்களுக்குப் புரியலை. மெஷின்ல கோளாறே இல்லை, ஆனா...”

“தெரியும், தெரியும். எனக்கே பாடம் நடத்தாதே.”

“அப்ப சொல்லுங்க.”

அவன் சொல்லவில்லை. பாவம், அவனுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. சபை இதற்குள் குறட்டை விட ஆரம்பித்திருந்தது.

கொஞ்ச நேரம் அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தவன் சட்டென்று நின்றான். முகம் மலர்ந்தது. “காதுல மாட்டற கருவி இருக்குல்ல, பட்டாணி சைஸ்ல? முடியை இழுத்து விட்டா தெரியாது. போனைச் சட்டைப் பையில போட்டுக்கறேன், லைன்லயே இருக்கட்டும். நீ வெளிய உட்கார்ந்து சொல்லு, நான் பேசறேன்.”

அவள் திகைத்துப் போனாள். “இது நல்லாவா இருக்கு?”

“ஏன், நல்லா இல்லாம என்ன? அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், அதான் வந்தாங்கன்னு சொல்லிடறேன். இந்தப் பதவி வந்தா நம்ம வாழ்க்கையே மாறிடும். எல்லாம் நமக்காகத்தானே?”

“அப்ப அந்தக் கடைசி ஸ்லைடு?”

“முதல்ல இது முடியட்டும்மா. ஆரம்பத்துலயே அபசகுனமா பேசாதே.”

அவள் பெயர் அபசகுனமாகிவிட்டது. அவளும் சரி என்றாள். வேறென்ன சொல்வாள்? இத்தனை நாள் சொன்னதைத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை அலுவலகத்தின் வரவேற்பறையில் மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் புதியவள், மருமகளை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு காலத்தில் இதே வாசல் வழியாகத் தினம் நுழைந்தவள் இப்போது வருகையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நடைபாதைக் கோடியில் கண்ணாடிக் கதவு. அதன் வழியே கூட்ட அறையின் சுவரும், சுவருக்கு முன்னால் அவன் தோளும் தெரிந்தன. அவள் கைபேசியைக் கன்னத்தோடு ஒட்டி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் இன்னிக்கு மெஷினைப் பத்திப் பேசப் போறதில்லை. அதை வாங்கினவங்களைப் பத்திப் பேசப் போறேன்.”

உள்ளே கணீர்க் குரல் அதையே சொன்னது. நடைபாதை வழியாக அது இங்கே வரை கேட்டது. அவள் சொல்வது அவன் காதில் விழுந்து வாய்க்கு வந்துசேரக் கொஞ்சம் நேரம் ஆனதல்லவா? அது பார்ப்பவர்களுக்கு ஆழ்ந்த யோசனையாகத் தெரிந்தது. ரேடியோ இன்றைக்கு நிறுத்தி நிதானமாகப் பேசுகிறதே என்று எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மாமியார் வரவேற்பறைப் பெண்ணிடம், “என் பையன் பேசினான்னா அப்படித்தான், ஒரு ஈ எறும்பு அசையாது,” என்று பெருமை அளந்துகொண்டிருந்தாள். அளந்துகொண்டே மருமகள் பக்கம் திரும்பியவள் பாதியில் நிறுத்தினாள். மருமகள் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வருகிறது. சற்று நேரத்தில் அதே வாக்கியம் உள்ளேயிருந்து மகன் குரலில் வருகிறது. அடுத்த வாக்கியமும் அப்படியே.

“ஏம்மா,” என்று மெதுவாகக் கேட்டாள், “அவன் சொல்றதெல்லாம் நீ சொல்றதா?”

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

“போன தடவை பேசி மாலை வாங்கிட்டு வந்தானே, அது?”

அதற்கும் தலையசைப்புதான். மாமியார் முகம் சுருங்கிவிட்டது. வரவேற்பறைப் பெண் இருந்த பக்கமே அதற்குப் பிறகு திரும்பவில்லை.

வாளிப் படம் சுவரில் வந்தது. நேற்று லேப்டாப்பில் சின்னதாக இருந்தது இங்கிருந்தே பெரிதாகத் தெரிந்தது. மாமியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். கண் ஆஸ்பத்திரி பொய்தான், அவள் கண் நன்றாகவே தெரியும்.

“அது என் முதுகு மாதிரி இருக்கே?”

அவள் கட்டைவிரலால் கைபேசியை மூடிக்கொண்டு, “உங்க முதுகுதான் அத்தை. மன்னிச்சுக்குங்க,” என்றாள்.

“அடிப்பாவி! நல்ல துணியாவது உடுத்தியிருப்பேனே,” என்றாள் மாமியார். சொல்லிவிட்டு ஒரு கணம் கழித்து, “பெத்த பையன், நேத்து எத்தனை தடவை அதைப் பார்த்தான். அவனுக்குத் தெரியலை பாரு,” என்றாள்.

கைபேசியில் டைரக்டரின் குரல் கேட்டது. “ஒரு நிமிஷம். இந்தம்மா ஏன் நமக்குப் புகார் குடுக்கலை? வாளி தூக்கி ஊத்தற அளவுக்குக் கஷ்டப்பட்டவங்க ஒரு போன் பண்ணியிருக்கலாமே?”

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்பு தன்மேலதான்னு நினைச்சாங்க சார்,” என்றாள் கைபேசியில். “மெஷினைக் கெடுத்துட்டேன்னு மகன் கத்துவாரேன்னு பயம். அதனால யாருக்கும் சொல்லாம தண்ணி மொண்டு ஊத்திட்டு, சாயங்காலம் மெஷினே துவைச்சிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. நாம திரும்பி வந்த மெஷினைத்தான் எண்ணறோம். வாளியோட நிக்கறவங்களை எண்ணவே இல்லை.”

மகன் அதை ஒரு சொல் விடாமல் சொன்னான். தன் தாயின் பயத்தைத் தன் வாயாலேயே, யாரோ ஒருத்தியின் பயம்போல, அழகாகச் சொன்னான். உள்ளே யாரோ நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“பிரமாதம்,” என்றார் டைரக்டர். “இது நம்ம ரிப்போர்ட் எதுலயும் இல்லை. வீட்டுக்காரங்களுக்கே சொல்லாததை உங்ககிட்ட எப்படிங்க சொன்னாங்க? நீங்களே நேர்ல போய்ப் பேசினீங்களா?”

அவள் வாயில் பதில் தயாராக இருந்தது. ஆமா சார், நான்தான் போனேன். அவ்வளவுதான், சொன்னால் தீர்ந்தது. அந்தப் பதவி அவன் மடியில் விழுந்துவிடும்.

சொல்ல வரவில்லை. நனைந்த கையோடு கதவைத் திறந்த ஒருத்தி நினைவுக்கு வந்தாள். அவள் இவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, “நீயாவது வந்து கேட்டியேம்மா,” என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள். பெயரை எடுத்தான், சரி. வேலையை எடுத்தார்கள், சரி. அந்தப் பிடித்த கையையும் எப்படித் தூக்கிக் கொடுப்பது?

உள்ளே அவன் தோள் நெளிந்தது. செருமினான். அந்தச் செருமலுக்கு வீட்டில் ஒரே அர்த்தம்தான், சீக்கிரம் சொல்லித் தொலை என்று.

“நான் போகலை சார்,” என்றாள் அவள் தெளிவாக. “போனது என் மனைவி. இந்த ஸ்லைடு எல்லாம் அவ செஞ்சதுதான். வெளிய வரவேற்புல உட்கார்ந்திருக்கா.”

“நான் போகலை சார்,” என்றது உள்ளே கணீர்க் குரல். “போனது என் மனைவி. இந்த ஸ்லைடு எல்லாம் அவ செஞ்சதுதான். வெளிய வரவேற்புல...” அங்கே கொஞ்சம் தடுக்கியது. ஆனால் பழக்கம் லேசுப்பட்டதா? “...உட்கார்ந்திருக்கா,” என்று முடித்துவிட்டுத்தான் நின்றான்.

கண்ணாடிக் கதவு திறந்தது. உதவியாளர் ஒருவர் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். அவள் எழுந்தாள். மாமியார் அவள் முழங்கையைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். “போயேன், கூப்பிடறாங்கல்ல. என் முதுகைப் பத்தி நீயே நேரா சொல்லு.”

தோளில் கைப்பையும் கையில் கைபேசியுமாக அவள் உள்ளே போனாள். கைப்பையை மேஜையில் வைத்தாள். கணவன் அவளைப் பார்த்த பார்வையில் கொலைவெறி இருந்தது. இத்தனை பேர் நடுவில் இருந்ததால் புன்னகையும் இருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் வாளிப் படத்துக்கு அருகில் போய் நின்றாள். முதலில் குரல் நடுங்கியது. ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னாள், இன்னொரு வீட்டைப் பற்றிச் சொன்னாள், நடுக்கம் போய்விட்டது. சுவரை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை, ஆட்களைப் பார்த்தே பேசினாள். தண்ணீர் வராதபோது மெஷின் நின்றுபோகாமல் காத்திருக்க வேண்டும், விளக்கு எரிவதற்குப் பதில் இன்னது குறை என்று எழுத்தில் காட்ட வேண்டும், அதற்கு ஆகும் மாற்றம் சின்னதுதான் என்றாள். இடக்கான கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. அந்த நேரம் அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

டைரக்டர் பேனாவை மூடினார். “இந்தப் பிரிவை இவங்க பார்த்தாத்தான் சரியா வரும்னு தோணுது.”

பர்சனல் ஆபீசர், அன்றைக்கு இருந்த அதே ஆள், அதே சிரித்த முகம், தொண்டையைச் செருமினார். “எல்லாருக்கும் அப்படித்தான் தோணுது சார். ஆனா விதி இருக்கே. கணவன் மனைவி ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்ல இருக்க முடியாது. ஒருத்தர் போகணும்.”

சப்பென்று ஆகிவிட்டது அறை. எல்லாரும் திரும்பினார்கள். யாரும் சொல்லிவைத்துத் திரும்பவில்லை, ஆனால் அத்தனை பேரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் கணவனும் பார்த்தான். ஐயோ பாவம், எவ்வளவு நன்றாகப் பேசினாள் என்கிற பரிவுகூட அந்தப் பார்வைகளில் இருந்தது. பதற்றத்தில் அவன் விரல் எதையோ அமுக்க, சுவரில் ரோஜாப் பூ வந்தது. ‘நன்றி’ எழுத்து எழுத்தாகக் குட்டிக்கரணம் அடித்து வந்து நின்றது.

அப்போதுதான் அவள் தன் கையைக் கவனித்தாள். அது கைப்பையை எடுத்துவிட்டிருந்தது. யாரும் சொல்வதற்கு முன்னாலேயே, வாரைச் சுருட்டிப் பிடித்து, கிளம்பத் தயாராக இருந்தது. அவளுக்கு அவர்கள்மேல் வந்த கோபத்தைவிட அந்தக் கையின்மேல் அதிகமாகக் கோபம் வந்தது.

கைப்பையை மறுபடியும் மேஜைமேல் வைத்தாள்.

“அந்த ஒருத்தர் யாருன்னு எழுதியிருக்கா?” என்று கேட்டாள்.

பர்சனல் ஆபீசரின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. அவள் இன்னொரு கையில் கைபேசி இன்னும் லைனில் இருந்தது. கேள்வி கணவனின் காதிலும் போய் விழுந்தது. இத்தனை நாள் பழக்கம் எங்கே போகும்?

“அந்த ஒருத்தர் யாருன்னு எழுதியிருக்கா?” என்று அவனும் கேட்டான், எல்லாருக்கும் கேட்கிற கணீர்க் குரலில்.

அவள் கைபேசியை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.